கொசுக்களைக் கணக்கிட்ட மருத்துவர் சர் ரொனால்டு ராஸ்

சர் ரொனால்டு ராஸ் 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தையார் இந்தியப் படையில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி. மகனுக்கோ கவிதையிலும் இசையிலுமே நாட்டம். தந்தையின் விருப்பத்திற்கிணங்க இலண்டனில் மருத்துவம் பயின்று, 1881-இல் சென்னை மாகாணத்தில் பணியேற்றார். ஓய்வு நேரங்களில் கணித நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார்.

மலேரியா எவ்வாறு பரவுகிறது என்பது அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. ராஸ் நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். காற்றில் கொசுக்கள் பறந்துவிடுமென்று, கொடிய வெயிலிலும் விசிறி போடாமல் உழைத்தார். உசேன் கான் என்னும் நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா பெற்றுக்கொண்டு தம்மைக் கடிக்க விட்டார். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செக்கந்தராபாத்தில், அத்தகைய கொசுவொன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமி காணப்பட்டது. 1902-இல் ராஸ் நோபெல் பரிசு பெற்றார்.

ஆயினும் அவருடைய போராட்டம் அதன் பின்னரே கடுமையாயிற்று. லாகூரை அடுத்த மியான் மீர் படைமுகாமில் கொசு ஒழிப்பைச் சோதித்தவர்கள், அது பயனற்றதென்று அறிவித்தனர். எல்லாக் கொசுக்களையும் எவரால் கொல்லமுடியும் என்று பலர் கைவிரித்தனர். எல்லாவற்றையும் கொல்லத் தேவையில்லை என்றார் ராஸ். அதனை மெய்ப்பிக்கக் கணிதத்தின் துணையை நாடினார்.

தமிழரும் பிற இந்தியரும் கரும்புத் தோட்டங்களில் உழைத்த மொரீசியசு தீவுக்கு 1907-இல் சென்று, மறு ஆண்டு அறிக்கை எழுதினார். அதில் வரும் உத்தேசக் கணக்கு நம் ஆறாம் ஆண்டு மாணவரும் போடக்கூடியதே. ஓர் ஊரில் ஆயிரம் பேர்; ஒருவரே நோயாளி; கொசுக்கள் 48,000. தலைக்கு 48 ஆகிறது. நான்கில் ஒன்றுக்கே மனிதனைக் கடிக்க வாய்க்குமாயின், நோயாளியைக் கடிப்பவை 12. கிருமி முதிரும்வரை மூன்றில் ஒன்றே பிழைக்குமாதலால் மிஞ்சுவன 4. அவற்றுள்ளும் நான்கில் ஒன்றே மீண்டும் மனிதனைக் கடிக்கும். ஆக, அத்தனை கொசுக்களாலும் புதிதாக நோயுறுபவர் ஒருவரே! கொசுக்கள் அதனினும் குறைந்தால், புதிதாக நோயுறுவோரைவிடக் குணமடைவோர் மிகுவர். நோய் தானே தேய்ந்து மறையும்.

நம் நாட்டிலும் அதற்குச் சான்றுண்டு. தோட்டம் போட வந்த நம் முன்னோருள் மலேரியாவுக்குப் பலியானோர் மிகப் பலர். 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன், ராசின் கண்டுபிடிப்பைப் பின்பற்றிக் கிள்ளானிலும் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டுவித்தார். சில ஆண்டுகளில் காய்ச்சல் பெரிதும் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் தெளிந்த ஓடைநீரில் வேறோர் இனக் கொசு பெருகுவதைக் கண்டு, அங்கே நிலத்தடிக் குழாய்களைப் பதித்தும் எண்ணெய் தெளித்தும் அவ்வினத்தைக் குறைத்தார்.

ராஸ் 1932 செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் காலமானார். 2020-இல் கோவிட் நோய் பரவியபோது, ஒரு நோயாளியால் எத்தனை பேர் நோயுறுவர் என்று அறிஞர்கள் நாள்தோறும் கணித்தனர். உருமாறிய கிருமி பழைய கிருமியை எவ்வளவு விரைவில் முந்தும் என்பதையும் கணித்தனர். அவர்களுடைய கணித முறை, மொரீசியசில் ராஸ் போட்ட கணக்கின் வழிவந்ததாகும்.