ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

பிரஷ்ய நாட்டுப் பாட்ஸ்டாம் நகரில் 1821-ஆம் ஆண்டு பள்ளியாசிரியர் ஒருவரின் புதல்வராய்த் தோன்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழைந்தது பௌதிக சாஸ்திரம். தந்தையாரின் வருவாய் அதற்கு இடந்தரவில்லை. ஆகவே அரசாங்கச் செலவில் வைத்தியம் பயின்று, கைம்மாறாகப் படை வைத்தியராய் ஊழியம் புரிந்தார். அப்பணியினிடையே சக்தி அழியாமையைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பௌதிகப் பத்திரிகை ஏற்க மறுக்கவே, 1847-இல் தனி நூலாய் வெளியிட்டார். கண்ணின் உட்புறங்காட்டும் கருவியை 1851-இல் அளித்தமை வைத்தியர் யாவரும் அறிந்ததே, அது நிற்க. பௌதிகப் பேராசிரியர் பதவி பெர்லினில் 1871-இல்தான் கிட்டியது. உலோகம் நீர்மத்தைத் தொடுமிடத்தில் எதிரெதிர் மின்னேற்றங்கள் இரு படலங்களாய் மிக நெருங்கி நிற்குமென்று 1879-இல் அவர் விளக்கியதையே நாம் பெரிதும் வியக்கின்றோம். நெருக்கம் மிகுந்தால் சேரும் மின்சாரமும் மிகுமன்றோ? 1894-இல் மறைந்தார். மிகைமின்தேக்கிகள் அப்படலத்திலேயே மின்சாரத்தைச் சேமிக்கின்றன. ருதீனியம் ஆக்ஸைடு போன்றவற்றை மின்வாயாக்கினால் இரசாயன மாறுதலாலும் மின்சாரம் சேர்கின்றது. அவ்வாக்ஸைடுகளை நுண்துகள்களாக்கிப் பரப்பைப் பெருக்குவதே இன்றைய ஆராய்ச்சியாளரின் முயற்சி.