மின்சார மாண்டலினில் கர்நாடக இசை

திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் காட்டில் முன்பு மாடு பூட்டிக் கமலை இறைத்தார்கள். பிறகு மின்சார மோட்டார் வந்தது. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றில் ஊறியதை மேலே கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

சங்கீதத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இதுவே. அதை உலகமெங்கும் வாசித்துக் காட்டியவர் மாண்டலின் ஸ்ரீனிவாஸ்.

குரு பாடினார், சிறுவன் வாசித்தான்

ஸ்ரீனிவாஸ் 1969-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி ஆந்திராவில் உள்ள பாலகொல்லு என்ற ஊரில் பிறந்தார். தந்தை சத்தியநாராயணா. வீட்டில் இருந்த தந்தையின் மாண்டலினைச் சின்னஞ்சிறு வயதிலேயே சிறுவன் எடுத்துக்கொண்டான்.

குருவாக வாய்த்தவர் ருத்ரராஜு சுப்பராஜு. இவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசிக்க அவருக்குத் தெரியாது. ஆகவே அவர் வாயால் பாடுவார். கேட்டதை அப்படியே சிறுவன் தந்தியில் கொண்டு வருவான். வாத்தியம் பாடக் கற்றது இப்படித்தான்!

1978-ல் குடிவாடாவில் தியாகராஜர் உற்சவம். அங்கே முதல் கச்சேரி நடந்தபோது வயது 9.

தந்தியை மாற்றினார்

மாண்டலின் மேல்நாட்டு வாத்தியம். இரண்டிரண்டாக 8 தந்திகள் உண்டு. மீட்டினால் நாதம் உடனே அடங்கிவிடும். நம் ராகங்களுக்கோ சுரம் அசைய வேண்டும், குழைய வேண்டும். அதற்கு நாதம் நீடிக்க வேண்டுமே!

ஸ்ரீனிவாஸ் மின்சார மாண்டலினை எடுத்தார். 5 ஒற்றைத் தந்திகளைக் கட்டினார். நாதம் நீண்டது, கமகம் பேசியது. இந்த வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமா என்று ஐயுற்றவர்களும் உண்டு. அவர்களுக்கு அவருடைய விரல்களே விடை சொல்லின.

கடல் கடந்த கற்பனை

1983-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். ஜாஸ் கலைஞர்களும் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பவர்கள். நம் மனோதர்மம் அவர்களுக்குப் புரியாமல் போகுமா? 14 வயதுப் பிள்ளையின் வாசிப்பு மனங்களை அள்ளியது.

1995-ல் கனடா நாட்டுக் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து 'டிரீம்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். புரூக் ஒரு விந்தையான கிதாரை அமைத்திருந்தார். அதில் ஒரு தந்தியை மீட்டினால் நாதம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். மின்கருவிகளின் அந்த ஒலிவெள்ளத்தில் மாண்டலின் மூழ்கவில்லை. மீன் போல நீந்தியது.

பிறகு ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், செல்வகணேஷ் ஆகியோருடன் 'ரிமெம்பர் சக்தி' குழுவில் சேர்ந்தார். மின்சாரக் கிதாரும் மாண்டலினும் ஒருபுறம். தபலாவும் கஞ்சிராவும் மறுபுறம். ஒருவர் கேட்பதும் மற்றவர் பதில் தருவதுமாக அவர்கள் மேடையில் வாசித்தது, 2000-ல் 'தி பிலீவர்' என்ற இசைத்தட்டாக வந்தது.

பாதியில் நின்ற கச்சேரி

1998-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புகழ் உச்சியில் இருந்தபோது கல்லீரல் நோய் கண்டது. 2014 செப்டம்பர் 19-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 45தான். இசை உலகம் கண்ணீர் வடித்தது.

கருவிகள் இன்று மலிந்துவிட்டன. பொத்தானைத் தொட்டால் எந்த ஒலியும் வரும். ஆனால் சிறு வயது முதல் கேட்டுக் கேட்டு உள்ளே ஊறிய சங்கீதம்தான் ஸ்ரீனிவாசின் தந்திகளில் பெருகியது.

ஊற்று இருந்தால்தானே மோட்டாருக்கு வேலை?