ஊமத்தை மகரந்தத்தில் ஒரு கரு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. தாவரவியல் மாணவர்)

விலங்கின் கரு கல்லாகிக் கிடப்பதாகச் சீனப் பாறைகளிலிருந்து 1998-ல் செய்தி வந்தது. மணல் துகளையொத்த உருண்டைகள். வயதோ ஏறக்குறைய 60 கோடி ஆண்டுகள்! அவை விலங்கின் கருதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உயிருள்ள கரு இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிவதை அறிந்தவரே அக்கல்லைப் படிக்க இயலும். தாவரக் கருவை அவ்வாறு கற்று, நாட்டுக்கும் கற்பித்த பெருந்தகை பஞ்சானன் மகேஸ்வரி ஆவார்.

1904 நவம்பரில் ஜெய்ப்பூரில் பிறந்த அவர், அலகாபாத்தில் டட்ஜன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரிடம் பயின்றார். மாணவன் தம்மை மிஞ்சுவதே தமக்கு மகிழ்ச்சி என்று கருதிய ஆசிரியர் அவர். கைம்மாறாக என்ன செய்யலாம் என்று மகேஸ்வரி கேட்டபோது, தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணவர்க்குச் செய்தால் போதும் என்றாராம்.

ஆக்ரா, டாக்கா முதலிய இடங்களில் பணியாற்றியபின், 1949-ல் டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைவரானார். பூக்கும் தாவரங்களின் கருவியல் பற்றி 1950-ல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்பட்டது. கருவின் அமைப்பைக் கொண்டே தாவரக் குடும்பங்களின் உறவை அறியலாம் என்பதில் அவருக்கு உறுதி இருந்தது.

கருவைக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயிலிட்டு, மகரந்தம் தூவி, அங்கேயே கருவுறச் செய்து விதையாக்கினர் அவர் குழுவினர். இது 1962-ல். 1964-ல் அதனினும் வியப்பு! அவருடைய துறையில் சிப்ரா குகா ஊமத்தையின் மகரந்தப் பையை ஊட்டக்கலவையில் வளர்த்தார். மகரந்தத்தூளிலிருந்தே கருக்கள் கிளம்பின! தாயின் பங்கு சிறிதுமின்றிப் பாதிக் குரோமோசோம்களுடன் ஒரு கரு. ரமணாசிரமத்தைத் தாண்டிக் கிரிவலப் பாதையில் நடக்கும்போது யாரும் பறிக்காத ஊமத்தையைக் கண்டால், எனக்கு இது நினைவுக்கு வரும்.

அதே ஆண்டு வெளிவந்த மேனிலைப்பள்ளி உயிரியல் நூல்களுக்கும் அவரே தலைமை தாங்கினார். ஐயம் கேட்க வீட்டில் படித்தவர் இல்லாத பிள்ளைக்குப் பாடநூல்தானே ஆசிரியர்? ஆராய்ச்சியில் உச்சியில் நின்றவர் அதற்கும் நேரம் ஒதுக்கியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

1965-ல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அடுத்த மே மாதமே, 61 வயதில், டெல்லியில் மறைந்தார். ஊமத்தையில் கண்ட முறை பின்னர் நெல்லுக்கும் சென்றது. அதைக் காண அவர் இல்லை.