திறக்கக் கூடாத பெட்டி

லூயி பிரெயில் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஆறு புள்ளிகள், அப்படித்தானே? வினாடி வினாவில் பார்வையற்றோர் எழுத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம்ம கடைசி பெஞ்சுகூட கை தூக்கிவிடும். ஆனா அந்த மனுஷன் எப்படிப்பட்டவர், கூட இருந்தவங்ககிட்ட எப்படிப் பழகினார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆறு புள்ளிகளைவிட அவருடைய ஒரு மரப்பெட்டிதான் அதிகம் பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் குறுக்கே தாவிப் படித்துவிடாதீர்கள்!

பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே கூப்வ்ரே என்று ஒரு சின்ன கிராமம். அங்கே 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி லூயி பிறந்தார். வீட்டில் நாலாவது பிள்ளை, கடைக்குட்டி. அப்பா சிமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணம் தைக்கிறவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறைக்குள் புகுந்து, தோலில் துளை போடுகிற குத்தூசியை எடுத்து விளையாடினான் குழந்தை. அது கை நழுவிக் கண்ணில் பாய்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் மருந்து ஏது? புண் சீழ் பிடித்து அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது.

அந்தக் காலத்தில் பார்வையற்ற பிள்ளைகளில் பலருக்குப் பிச்சை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. லூயிக்கு அந்த நிலைமை வராமல் தடுத்தது சில சாதாரண மனிதர்கள். அப்பா ஒரு பலகையில் ஆணிகளை எழுத்து வடிவத்தில் அடித்துக் கொடுத்து, தடவித் தடவி எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார். ஊர்ப் பாதிரியார் பலுயி சிறுவனைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார். பள்ளி ஆசிரியர் பெஷரே, பார்வையுள்ள பிள்ளைகளோடு அவனையும் வகுப்பில் உட்கார வைத்தார். அப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு எந்தச் சட்டமும் இல்லை! அந்த ஊர்ப் பிரபு ஒருவரும் உதவியதால் பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. 1819 பிப்ரவரியில் பத்து வயதுப் பையன் அங்கே போய்ச் சேர்ந்தான்.

பள்ளி என்றால் நம்ம பள்ளி மாதிரி காற்றோட்டமா இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஈரம் கசிகிற பழைய கட்டடம். அந்த ஈரம்தான் பிற்பாடு அவர் நுரையீரலைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. புத்தகங்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். சாதாரண எழுத்துகளையே பெரிதாக, மேடாக அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தடவி வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும். படிக்க மட்டும்தான் அது. அவர்களால் அந்த எழுத்தை எழுத முடியாது. பக்கத்துப் பையனுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுத முடியாத பள்ளிக்கூடத்தை யோசித்துப் பாருங்களேன்!

1821-இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து முறை அந்தப் பள்ளிக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளிகள். ஒலிகளைத்தான் குறிக்கும், சரியான எழுத்துக்கூட்டல் வராது. விரல் நுனிக்குள் அடங்கவும் அடங்காது. லூயி இதை வைத்துக்கொண்டு நேரம் கிடைத்தபோதெல்லாம் குத்திக் குத்திப் பார்த்தார். பதினைந்து வயதில் பன்னிரண்டை ஆறாகக் குறைத்துவிட்டார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. விரலை ஒரு தடவை வைத்தால் போதும், முழு எழுத்தும் தெரிந்துவிடும். அந்த ஆறிலேயே 63 விதமான குறிகள் அமைக்கலாம். இசைக் குறியீடும் அதற்குள் அடங்கியது. நம்ம 'அ' எழுத்துக்கு இடப்பக்கம் மேலே ஒரே ஒரு புள்ளிதான். 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த பாரதி பிரெயிலில் அப்படி வைத்திருக்கிறார்கள்.

1829-இல் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டபோது, இதற்கு முதல் யோசனை தந்தது பார்பியேயின் முறைதான் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு நானே படித்தேன் என்று சொல்கிறவர்களை நாம பார்த்திருக்கிறோம். (யாரையும் குறிப்பிடவில்லை!)

படித்த பள்ளியிலேயே உதவி ஆசிரியராகி 1833-இல் முழு ஆசிரியர் ஆனார். இலக்கணம், கணக்கு, புவியியல், இசை எல்லாம் சொல்லித் தந்தார். மாணவர்களுக்காக ஒரு சின்ன கணக்குப் புத்தகமும் எழுதினார். சம்பளம் ரொம்பக் குறைவு. ஆனால் அந்தச் சம்பளத்திலிருந்துதான் ஏழை மாணவர்களுக்குத் தேவையானதை வாங்கிக் கொடுத்தார். படிப்பு முடிந்து வெளியே போய் வேலை கிடைக்காமல் தவிக்கிற பழைய மாணவர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். பார்வை இல்லாத இளைஞனுக்கு அன்றைய பாரிஸில் வேலை கொடுப்பது யார்? அவர் கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார். சும்மா கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கூச்சமா இருக்கும் அல்லவா? அதனால் கடனாகவே கொடுத்தார். கொடுத்ததை வெளியே சொல்லவும் மாட்டார்.

அவர் ஆர்கன் வாசிப்பதில் கெட்டிக்காரர். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்துக் கொஞ்சம் கூடுதல் வருமானம் வந்தது. தன்னைவிடத் தேவை அதிகமாக இருந்த இன்னொருவருக்காக அப்படி ஒரு வேலையையே விட்டுக்கொடுத்தார். பணத்தைக் கொடுத்தால் மறுபடி சம்பாதிக்கலாம், சம்பாதிக்கிற வழியையே கொடுக்கிறது வேற விஷயம். காசநோய் ஏற்கெனவே பிடித்திருந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு புள்ளியில் கடிதம் எழுதினால் ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதே! விடுதிப் பிள்ளைகளுக்கு இது பெரிய ஏக்கம். அதற்காகவே 1839-இல் புள்ளிகளை வைத்துச் சாதாரண எழுத்து உருவங்களையே போடுகிற முறை ஒன்றை உருவாக்கினார். பார்வையற்றவர் எழுதலாம், பார்வையுள்ளவர் படிக்கலாம். பிறகு ஃபூக்கோ என்ற பார்வையற்ற நண்பர் அதற்கு ஒரு இயந்திரமே செய்து கொடுத்தார். விடுதியில் தங்கிப் படிக்கிற நம்ம தோழர்களுக்கு இதன் அருமை நல்லாவே புரியும்.

இப்படிப்பட்டவருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். அவருக்கு ஆதரவாக இருந்த பள்ளித் தலைவர் பிஞியே 1840-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்து வந்த துஃபோ புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். பார்வையுள்ளவர்கள் படிக்கிற எழுத்தைத்தான் எல்லாரும் படிக்க வேண்டுமாம்! லூயி சண்டை போடவில்லை. மாணவர்கள் விடுவதாக இல்லை, ரகசியமாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். துணைத் தலைவர் குவாதேவுக்கு மனம் மாறியது. 1844-இல் புதிய கட்டடத்தின் விழாவில் அவர் இந்த எழுத்து முறையை எல்லார் முன்னாலும் விளக்கிக் காட்ட ஏற்பாடு செய்தார். தடை போனது.

ஆனால் காசநோய் போகவில்லை. வகுப்பெடுக்கக்கூடக் குரல் வராத நிலை வந்தது. நோய் மெல்ல மெல்லத் தின்று, 1852 ஜனவரி 6-ஆம் தேதி அவர் இறந்துபோனார். 43 வயது முடிந்து இரண்டே நாள். பாரிஸ் பத்திரிகைகள் அதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிரான்ஸ் அவருடைய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1854-இல். மரியாதை எல்லாம் பிற்பாடு வந்ததுதான். 1952-இல் அவர் உடலை எடுத்துப்போய் பாரிஸில் தேசத் தலைவர்களுக்கான பாந்தியன் மண்டபத்தில் வைத்தார்கள். கூப்வ்ரே ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அவருடைய கைகள் மட்டும் சொந்த ஊரிலேயே இருக்கின்றன. 2009-இல் அவர் பிறந்த 200-ஆவது ஆண்டுக்கு நம் இந்திய அரசு அவர் முகம் போட்ட 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது. வீட்டில் சில்லறை டப்பாவைத் தேடிப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் அவர் உயில் எழுதி வைத்தார். சேர்த்து வைத்திருந்தது கொஞ்சம்தான். அம்மாவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போக, பள்ளியின் இரவுக் காவலாளிக்கு, நோயாளி அறையில் பார்த்துக்கொண்டவருக்கு என்று அதிலும் பங்கு ஒதுக்கினார். சாமான்களை ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தார். அறையில் ஒரு சின்ன மரப்பெட்டி மட்டும் மிச்சம். அதைத் திறக்காமல் அப்படியே எரித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

நண்பர்களுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே என்னதான் இருக்கும் என்று திறந்து பார்த்துவிட்டார்கள். கடன் சீட்டுகள்! இத்தனை வருஷமாக அவரிடம் பணம் வாங்கிய மாணவர்கள், திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த சீட்டுகள். திருப்பித் தரவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. தான் இறந்த பிறகு யாராவது அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகள் வீட்டுக் கதவைத் தட்டிவிடக் கூடாது என்றுதான் எரிக்கச் சொல்லியிருக்கிறார். கடன் வாங்கியவர் யார் யார் என்பதே வெளியே தெரியக் கூடாது என்றும் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பர்கள் சீட்டுகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, அவர் சொன்னபடியே எரித்தார்கள். யார் எவ்வளவு தர வேண்டியிருந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.