சமூகத்தினுள் தனித்து நின்ற சித்திலெப்பை

தனித்துவம் என்ற சொல் நமது நாட்டில் பெரும்பாலும் ஓர் இனத்தையோ சமூகத்தையோ குறிக்கவே கையாளப்படுகின்றது. தன் சமூகத்தின் உள்ளேயே தனித்து நிற்கும் மனிதனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அறிஞர் எம்.சி. சித்திலெப்பை அத்தகைய ஒருவர்.

1838இல் கண்டியில் பிறந்த அவர் அரபு, தமிழ், ஆங்கிலம் மூன்றையும் கற்றுச் சட்டத்தரணியானார். தந்தையாரும் அத்துறையினரே. மதிப்போடு வாழ்ந்து மறைய அதுவே போதுமானதாயிருந்தது.

அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிமார் வசமிருந்தன. பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என அஞ்சி முஸ்லிம் பெற்றோர் அவற்றை ஒதுக்கினர். அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. உத்தியோகங்களும் உயர் தொழில்களும் முஸ்லிம்களுக்கு எட்டாதனவாயின. சித்திலெப்பை பெற்றோரின் அச்சத்தைப் பரிகசிக்கவில்லை. மார்க்கக் கல்வியையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் பாடசாலை வேண்டும் என்றார். மரபில் ஊறிய ஒருவரே அவ்வாறு கேட்டது பலருக்கு விநோதமாகத் தோன்றியது.

இக்கருத்தைப் பரப்ப 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1883இல் பிரித்தானியரால் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும், கொழும்பின் வள்ளல் வாப்பிச்சி மரைக்காரும் துணை நின்றனர். 1884இல் கொழும்பில் தொடங்கிய முதற் பாடசாலை நிலைக்கவில்லை. அவர் சளைக்கவில்லை. 1892இல் மருதானையில் மீண்டும் தொடங்கப்பட்டதே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

இதற்கு முந்திய ஆண்டில் கண்டியில் பெண்களுக்கென அவர் நிறுவிய பாடசாலையே என் பார்வையில் துணிவு மிக்க செயல். ஆண் பிள்ளையின் படிப்புக்கு உத்தியோகத்தைக் காட்டிப் பெற்றோரை இணங்கச் செய்யலாம். பெண் பிள்ளைக்கு அன்று அவ்வாறு காட்ட எதுவுமில்லை.

தமிழுக்கும் அவர் கடன் வைக்கவில்லை. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறே ஆண்டுகளில், 1885இல், 'அசன்பேயுடைய கதை' வெளியாயிற்று. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பொதுவாகக் கருதப்படுவது இதுவே. கதையின் களமோ ஈழமன்று; கெய்ரோவும் இந்திய நகரங்களுமாகும்!

1898 பெப்ரவரியில் அவர் காலமானபோது மருதானைப் பாடசாலைக்கு ஆறு ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. டி.பி. ஜாயா அதன் அதிபராகி அதனைப் பெருங் கல்லூரியாக்கத் தொடங்கியது 1921இல்தான்.