மழையைப் பாடிய கவிஞரும் உப்பாகிப்போன ஆறும்

1964 டிசம்பர் 24ஆம் திகதி குவைத்தின் அமீரி வைத்தியசாலையில் ஈராக்கியக் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாப் வபாத்தானார். அப்போது அவருக்கு வயது 38. அவரது ஜனாஸா பஸ்ராவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஸுபைர் நகரில் இமாம் ஹஸன் அல்பஸரி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. நவீன அரபுக் கவிதையின் போக்கையே மாற்றியவர் அவர். ஆனால் இறுதி ஆண்டுகளை வறுமையிலும் நோயிலுமே கழித்தார்.

1926இல் பஸ்ராவுக்குத் தெற்கே, அபுல் கஸீபை அண்டிய ஜைகூர் கிராமத்தில் அவர் பிறந்தார். ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் பேரீச்சந் தோட்டங்களும் நிறைந்த ஊர் அது. வளைகுடாவில் கடல் பொங்கும்போது ஆற்றின் நன்னீர் பின்தள்ளப்பட்டு வாய்க்கால்களில் ஏறும். மரங்கள் அப்படித்தான் நீர் குடித்தன. ஆறு வயதில் தாயை இழந்த சிறுவனின் மனதில் தாயும் ஊரும் நீரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஊரின் சிற்றாறான புவைப் அவரது கவிதைகளில் மீண்டும் மீண்டும் வருவது அதனால்தான்.

பக்தாத் ஆசிரியர் கல்லூரியில் கற்ற காலத்தில், 1947 அளவில், அவரும் நாஸிக் அல்மலாஇகாவும் பழைய யாப்பின் கட்டைத் தளர்த்திப் புதுக்கவிதைக்கு வழி திறந்தனர். இடதுசாரி அரசியலில் ஈடுபட்டதால் தொழிலை இழந்தார், சிறை சென்றார், ஈரான் வழியாகக் குவைத்துக்குத் தப்பிச் சென்றார். அந்தப் பிரிவின் வலியோடு பிறந்ததே 1954இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற மழைக் கவிதை. இரு நதிகள் பாயும் நாட்டில், ஆண்டுதோறும் மழை பெய்தும், ஏழை ஏன் பட்டினி கிடக்கிறான் என்பதே அதன் கேள்வி. பஞ்சத்துக்கு வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, விளைச்சலை அபகரிப்போரும் அதற்குப் பொறுப்பு என்பதை அவர் கண்டிருந்தார்.

1960களின் தொடக்கத்தில் நரம்புகளைச் சிதைக்கும் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. கால்கள் படிப்படியாகச் செயலிழந்தன. பெய்ரூத், லண்டன், பாரிஸ் என்று வைத்தியம் தேடி அலைந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஈராக்கில் காத்திருந்தனர். நாட்டுக்காக மழை கேட்டவர் இப்போது தன் உடலுக்காக இறைவனிடம் கையேந்தினார். லண்டன் கட்டிலில் கிடந்தபடி நபி அய்யூப் (அலை) அவர்களின் பெயரால் ஒரு கவிதைத் தொடரை எழுதினார். அதில் நோயையும் இறைவனின் கொடையாக ஏற்று நன்றி கூறும் குரல் உண்டு. வீட்டுக்குத் திரும்ப ஏங்கும் குரலும் அதிலேயே உண்டு. ஸப்ர் என்பது வலியை மறைப்பதல்ல, வலியோடு இறைவன் பக்கம் திரும்புவதே என்பதை அத்தொடர் காட்டுகிறது.

அவரது மறைவுக்குப் பின் அவர் பாடிய மண்ணும் நோயுற்றது. 1980 முதல் 1988 வரை நீடித்த ஈரான்–ஈராக் போர் பஸ்ராவின் பேரீச்சந் தோப்புகளைப் பெருமளவில் அழித்தது. மேற்பகுதியில் கட்டப்பட்ட அணைகளால் நதிகளின் நீர்வரத்துக் குறைய, கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறியது. நன்னீரை மேலே தள்ளிய அதே கடல் இன்று உப்பைத் தள்ளுகிறது. 2018 கோடையில் அசுத்த நீரால் பஸ்ராவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைகளை நாடினர்.

ஷத்துல் அரப் கரையில் 1971இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. உயிரோடு இருந்தபோது மருந்துக்கு அலைந்தவருக்கு இறந்தபின் கிடைத்த மரியாதை அது. எழுத்தாளன் நோயில் விழும்போது கைகொடுப்பதும், நீரை அமானிதமாகக் காப்பதும் சிலை வைப்பதைவிடக் கடினமானவை. அஸ்ஸய்யாபை நினைவுகூர விரும்பும் சமூகம் அந்தக் கடினமான வேலையையே முதலில் செய்ய வேண்டும்.