காஸ் எழுதி வைத்த கணக்கு

கணித மேதை கார்ல் பிரடெரிக் காஸ் 1777-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தாய் டொரோத்தியாவுக்கு எழுதத் தெரியாது. மகன் பிறந்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்பது மட்டும் நினைவிருந்தது. எந்த ஆண்டில் ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று காணும் விதியைப் பின்னாளில் காஸ் வகுத்தார். அதன்படி பார்த்தால் அவர் பிறந்த நாள் ஏப்ரல் 30.

சிறுவனாக இருந்தபோது 1 முதல் 100 வரை நொடியில் கூட்டிய கதை எல்லோரும் கேட்டதே, அதை விட்டுவிடுகிறேன். பிரன்ஸ்விக் கோமகன் பொருளுதவி செய்து அவரைப் படிக்க வைத்தார்.

1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்னும் கத்தோலிக்கத் துறவி, சீரீஸ் என்ற சிறு கோளைக் கண்டார். சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்துபோயிற்று. எங்கே தேடுவது? 24 வயதுக் காஸ் கணக்கிட்டுச் சொன்ன இடத்தருகே ஆண்டின் இறுதியில் அது மீண்டும் அகப்பட்டது! ஐரோப்பாவெங்கும் அவர் புகழ் பரவிற்று.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கதை. 1802-இல் கண்டுபிடிக்கப்பட்ட பல்லாஸ் என்னும் சிறு கோளின் 12 அளவுகளை வைத்துக்கொண்டு, அவற்றை அலைகளின் கூட்டுத்தொகையாக எழுத முனைந்தார் காஸ். நேர்வழியில் சென்றால் 12 × 12, அதாவது 144 பெருக்கல்கள். அவரோ 12 எண்களையும் நான்கு நான்காக மூன்று குழுக்கள் ஆக்கினார். ஒரு குழுவுக்கு 16 வீதம் 48 பெருக்கல்கள். குழுக்களை இணைக்க இன்னும் 36. மொத்தம் 84 தான்! குழுக்களையே மேலும் பிரிக்கலாம். 1024 எண்கள் இருந்தால் நேர்வழிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வேண்டும். பிரித்துக்கொண்டே போனால் பத்தாயிரம் அளவே போதும்.

இது 1805 வாக்கில் நடந்தது. அலைக் கணக்குக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் பூரியே வெப்பம் பற்றிய தம் கட்டுரையை அளித்ததே 1807-இல் தான். ஆனால் காஸ் இதை வெளியிடவில்லை. குறையின்றி முடிந்ததையே அச்சுக்குத் தருவது அவர் வழக்கம். எனக்கு இதில் அவர்மேல் சற்றுக் கோபமே. 1855-இல் அவர் இறந்தார். 1866-இல் இது லத்தீன் மொழியில் அவருடைய நூல் தொகுப்பில் வந்தது. அதைக் கவனித்தவர் மிகச் சிலரே.

நிலத்தடி அணுகுண்டுச் சோதனையை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய வேண்டிய காலம் வந்தது. நில அதிர்வுப் பதிவுகளைக் கணிப்பொறியில் விரைவாகக் கணக்கிட வழி தேடினார்கள். கூலி, தூகி என்னும் இரு அமெரிக்கர்கள் 1965-இல் அதே வழியைப் புதிதாகக் கண்டு வெளியிட்டனர். அதுவே 'விரைவு பூரியே மாற்றம்'. இன்று ஒலி, படம், மருத்துவக் கருவி எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறது. கணிப்பொறி நிரல் தொகுப்புகளில் இதை எழுதுவோரும், வரும் எண்ணிக்கையைக் காஸ் செய்தது போலவே சிறு காரணிகளாகப் பிரித்துத்தான் தொடங்குகிறார்கள். முறைக்கோ இன்றும் கூலி, தூகி பெயர்தான் வழங்குகிறது.